வெள்ளையனே வெளியேறு

நம்ம வீட்டு வெள்ளைக் கார் வெள்ளையனைக் கடைசியில் சாய்த்தது வெள்ளமும் இல்லை, வயசும் இல்லை. எலி.

2015 டிசம்பரில் பாதிக் கதவு வரை தண்ணீரில் நின்றவன் அவன். அன்றைக்குச் சாவியை யாரும் தொடக்கூடாது என்று அப்பா அதை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டு உட்கார்ந்ததால் எஞ்சின் பிழைத்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் அது சிலிண்டரில் ஏறி கனெக்டிங் ராடை வளைத்துவிடும். எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் ஒழிய இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். 2024 அக்டோபரில் கனமழைக்கு ரெட் அலர்ட் என்றதும் ஊரே வேளச்சேரிப் பாலத்தின் மேல் கார்களை வரிசை கட்டி நிறுத்தியதே, அதில் பளபளப்பான பெரிய வண்டிகளுக்கு நடுவே ஒட்டுப்போட்ட பம்பரோடு கம்பீரமாக நின்றவனும் இவன்தான். மெட்ரோவுக்குத் தோண்டிய மடிப்பாக்கம் ரோட்டில் எத்தனையோ புது வண்டிகள் அடிவயிறு தட்டி அழுதபோதும் இவன் வாய் திறந்ததில்லை. அப்பேர்ப்பட்டவனை ஒரு சாண் பிராணி படுக்கவைத்துவிட்டது.

அதுவும் எப்போது? மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று. குன்றத்தூரில். பிரம்ம முகூர்த்தத்தில்.

நாலு மணிக்கெல்லாம் அம்மா பட்டுப்புடவையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. டிக்கியில் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஒரு தாம்பாளம் நிறைய பழம். சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்றான். மறுபடி திருப்பினேன். மறுபடியும் ‘டிக்’. பின்சீட்டிலிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது. “எங்க அண்ணன் வீட்டு விசேஷம்னா மட்டும் எப்படிங்க கரெக்டா கெட்டுப்போகுது?” இந்தக் கேள்விக்குக் கல்யாணமான ஆண்கள் யாரும் பதில் சொல்லித் தப்பித்ததில்லை என்பதால் இறங்கி பானெட்டைத் திறந்தேன்.

சென்னையில் எந்த நேரத்திலும் ஒருவன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் ஐந்து நிமிடத்தில் மருத்துவக் குழு கூடிவிடும். பால்காரர் எட்டிப் பார்த்து, “பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க சார், அதான்” என்றார். இப்போதெல்லாம் டயர் பஞ்சரானாலும் எத்தனால்தான் காரணம். வாட்ச்மேன், தள்ளிப் பார்க்கலாமா என்றார். கீழ்வீட்டு சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். அவர் ஜம்பர் கேபிள் வாங்கி வைத்திருக்கிறார். வாங்கிய நாளிலிருந்து இந்தத் தெருவில் யாருக்காவது பேட்டரி டவுன் ஆகாதா என்று காத்துக்கொண்டிருக்கும் ஆத்மா. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் தெருவையே எழுப்புகிறது, பேட்டரியில் கோளாறில்லை சார் என்றால் கேட்க வேண்டுமே. “சிவப்பு முதல்ல, கறுப்பு கடைசில, அதையும் பேட்டரில மாட்டக்கூடாது, பாடில மாட்டணும்” என்று பாடமெடுத்தபடி தன் வண்டியைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்கு நிறுத்தி எல்லாம் மாட்டினார். திருப்பினேன். ‘டிக்’. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு என் வண்டியைவிட அவர் மேல்தான் பரிதாபம்.

டாக்சி புக் செய்தால், “எங்க டிராப் சார்? கேஷா ஆன்லைனா?” என்று போன் வந்தது. சொன்னேன். கேன்சல் ஆனது. அடுத்தவரும் அதையே கேட்டார், அப்படியே ஆனது. கடைசியில் இரண்டு ஆட்டோ. அண்டா என் மடியில். குன்றத்தூர் போய்ச் சேர்ந்தபோது பசுமாடு வீட்டுக்குள் வந்து, சாணி போட்டு, கன்றுக்குட்டியோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மாடு நடந்தே நேரத்துக்கு வந்துவிட்டதே என்று மச்சான் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் என்ன?

மத்தியானம் மெக்கானிக் பாய் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், கையை விட்டார், வெளியே எடுத்தார், மறுபடி விட்டார். மந்திரவாதி தொப்பியிலிருந்து புறா வருகிற மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பஞ்சு, அரை கொய்யா, தேங்காய் மூடி, சின்னதின் ஸ்கூல் சாக்ஸ் ஒன்று, பிளாஸ்டிக் கவர்கள், ஒரு முழு முறுக்கு. “உள்ள ஒரு குடும்பமே இருந்திருக்கு சார்” என்றார் பாய். வீட்டம்மா முறுக்கைக் கையில் வாங்காமல் குனிந்து பார்த்து, இது நம்ம வீட்டு முறுக்கு இல்லை, எதிர்வீட்டுது, மாவு சரியாகச் சலிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரில் மேல் உறை முழுக்கக் காலி. பக்கத்திலேயே இருந்த ஹாரன் வயரில் ஒரு பல் தடம்கூட இல்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த எலி, ஹாரன் இல்லாமல் இந்த ஊரில் வண்டி ஓட்ட முடியாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. பாச்சை உருண்டை போடுங்கள் என்றார்கள். போட்டோம், ஏசி போட்டால் பழைய பீரோவுக்குள் உட்கார்ந்து பயணம் செய்வது போலிருக்கிறது. புகையிலை கட்டுங்கள் என்றார் மாமனார், அவரே வாங்கி வந்து கட்டியும் விட்டார். மறுநாள் ஆபீஸ் லிஃப்டில் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. மிளகுத் தூள், பினாயில், சத்தம் போடும் ஒரு மெஷின், எல்லாம் ஆயிற்று. பாஷாணம் வைக்கலாம் என்று பெரியவன் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டாள். “பிள்ளையார் வாகனத்துக்கு விஷம் வெப்பியா?”

டேஷ்போர்டில் இருக்கிறாரே நம்ம பிள்ளையார், அவரைத்தான் சொல்கிறாள். யோசித்துப் பார்த்தால் வாகனம் தேர்ந்தெடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பார்க்கிங் பிரச்சினை கிடையாது. எஃப்சி என்கிற தகுதிச் சான்று கிடையாது. மைலேஜ் ஒரு கொழுக்கட்டைக்கு எவ்வளவு என்று தெரியாது, ஆனால் எதிர்வீட்டுச் சமையலிலேயே ஓடும். தம்பி பெரிய வண்டியாக, பறக்கிற வண்டியாகப் பார்த்து எடுத்தார். உலகத்தைச் சுற்றி வந்தும் பழம் அண்ணனுக்குத்தான். கோபத்தில் பழனிக்குப் போனது மட்டும்தான் மிச்சம். இதெல்லாம் சரி. ஆனால் அவருடைய வாகனம் என் வாகனத்தைச் சாப்பிடும்போது அவர் முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

வெள்ளையனுக்குப் பதினைந்து வயது நிறையப் போகிறது, ஆர்சி புதுப்பிக்க வேண்டும், எஃப்சி காட்ட வேண்டும், இவ்வளவு செலவுக்கு வேறு வண்டியே எடுத்துவிடலாம் என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு வந்தது. சின்னது தட்டில் தாளம் போட்டு, “வெள்ளையனே வெளியேறு!” என்று கோஷமிட்டாள். அவ்வளவுதான், அதுவரை தோசைக்குச் சட்னி போதவில்லை என்ற அளவில் அமைதியாக இருந்த குடும்பம் நான்கைந்து கட்சியாக உடைந்தது.

பெரியவனுக்கு சன்ரூஃப் வேண்டும். மே மாதத்தில் மொட்டை மாடியில் வடாம் இரண்டு மணி நேரத்தில் காய்கிற ஊரில் காரின் கூரையைத் திறந்து வைக்க வேண்டுமாம். சின்னது மின்சார வண்டி என்கிறாள். எனக்கும் ஆசைதான், ஆனால் சார்ஜர் பாயின்ட் வைக்க அசோசியேஷன் சம்மதிக்க வேண்டும். லிஃப்டுக்கு விளக்கு மாற்றுவதற்கே மூன்று கூட்டம் போட்ட அசோசியேஷன் அது. வீட்டம்மாவுக்கு ஆட்டோமேட்டிக். மெட்ரோ வேலை முடிகிற வரைக்கும் கிளட்ச் மிதிக்க என் காலால் ஆகாது என்கிறாள், நியாயம்தான். மச்சான் வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாக அனுப்புகிறார். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம்ம ஊரிலேயே வண்டியை மோதவிட்டுப் பார்த்து மார்க் போடுகிறார்கள் இல்லையா, அதில் ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்து வாங்கினால் தங்கச்சியை அனுப்ப மாட்டேன் என்கிறார். அனுப்பிப் பல வருஷம் ஆகிறது என்பது அவருக்கு நினைவில்லை.

அப்பா மட்டும் 1983-லிருந்து வெளியே வர மறுக்கிறார். இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுத்த மாருதி 800 விலை நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு. அதற்கும் முன்னால் இங்கே வண்டலூர் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்தார்கள். இப்போது நீங்கள் கேட்கிற விலைக்கு அன்றைக்கு ஒரு தெருவையே வாங்கியிருக்கலாம் என்பார். வாங்கியிருக்கலாம்தான். வாங்கவில்லையே.

விலை என்றதும் வயிறு எரிகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் போர்டில் எழுதியிருப்பது ஒரு விலை, அதற்கும் நாம் கொடுப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால்தான் சின்ன வண்டி. 2025 செப்டம்பரிலிருந்து அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் ஸ்கேல் வைத்து வண்டியின் பின்புறத்தை வெட்டிவிடுகிறார்கள். வெட்டுப்பட்டது யார்? நம்ம வீட்டு அண்டா. அப்புறம் தமிழ்நாட்டுச் சாலை வரி. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. அதாவது ஒன்பதே முக்காலுக்கு இருக்கிற வண்டியில் ரிவர்ஸ் கேமரா கேட்டு, விலை பத்தேகாலுக்குப் போனால், கேமராவுக்கு அரை லட்சம், அந்தக் கேமராவைக் கண்ணால் பார்த்த குற்றத்துக்கு வரியாக இன்னொரு அரை லட்சம். இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், மிதியடி, மிதியடிக்கு மேல் போடுகிற மிதியடி எல்லாம் தனி. இதையெல்லாம் கூட்டிக் காட்டிவிட்டு ஒரு லட்டும் தருகிறார்கள்.

சரி, ஷோரூம் போனோம். ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று எல்லாருக்கும் கண்ணில் பட்டது. சன்ரூஃப் இருந்தது, ஆட்டோமேட்டிக் இருந்தது, மச்சானுக்கு வேண்டிய நட்சத்திரமும் இருந்தது. அண்டாவே இரண்டு வைக்கலாம். விற்பனைத் தம்பி அம்மாவைக் கண்டதும் பாட்டி என்று கூப்பிட்டு மனசைப் பிடித்துவிட்டார். அம்மாவுக்கு முட்டிவலி. முதலில் காட்டிய தாழ்வான வண்டியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. உயரமான ஒன்றில் ஏற, மூன்று பேர். இந்த ஏழு பேர் வண்டியில் நாற்காலியில் உட்காருவது போலத் தானே உட்கார்ந்தாள், தானே இறங்கினாள். முடிந்தது விஷயம் என்று நினைத்தேன்.

அப்புறம் பின்சீட்டுக்குப் போனாள். அதில் நடுவில் இடைவெளி விட்டுத் தனித்தனியாக இரண்டு சீட். கேப்டன் சீட், பாட்டி, பிளைட்டில் போகிற மாதிரி இருக்கும் என்றார் தம்பி. அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு அப்பாவை இன்னொரு பக்கம் உட்காரச் சொன்னாள். இரண்டு பேரும் கல்யாண மேடையில் உட்கார வைத்தாற்போல முன்னால் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்கள். அம்மா கையை நீட்டி நடுவிலிருந்த வெற்றிடத்தை அளந்து பார்த்தாள்.

“நடுவுல இவ்ளோ இடம் விட்டிருக்கே, வரும்போது அவர் எங்க சாஞ்சுக்குவார்?”

தம்பிக்குப் புரியவில்லை. சீட்டே நல்லா சாயும் பாட்டி என்று பட்டனை அமுக்கிக் காட்டினார். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. டயாலிசிஸ் முடிந்து வருகிற நாட்களில் வெள்ளையனின் பின்சீட்டில் அப்பா எப்படி வருவார் என்று கண்ணாடியில் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறவன் நான். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். அம்மா தோளை நகர்த்தாமல் வீடு வரைக்கும் அப்படியே வருவாள். முட்டிவலிக்கு நல்லது என்று சொல்லி நாங்கள் முன்சீட்டில் உட்கார வைத்தாலும் திரும்பும்போது மட்டும் பின்னால் ஏறிக்கொள்வது இதற்காகத்தான்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “மைலேஜ் எவ்ளோன்னு கேளுடா” என்றார்.

ஒரே நீள சீட் வருகிற மாடலும் அதே வண்டியில் இருக்கிறது. கேட்டுவிட்டேன், நாலு வாரம் காத்திருக்க வேண்டும். ஆனால் அது கீழ் மாடல். சன்ரூஃப் கிடையாது, ஆட்டோமேட்டிக் கிடையாது. அட்வான்ஸ் கட்டிவிட்டேன். பெரியவன் நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வீட்டம்மா பேசுகிறாள், கிளட்சைப் பற்றி மட்டும்.