ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்

நம் கல்லூரியில் எங்களுக்கு வேதபாடம் எடுத்த ஆசிரியர் ஒரு நாள் கரும்பலகையை விட்டுவிட்டுத் தன் மேசையிலேயே சோக்கால் எழுதினார்: "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது." 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் இப்படித்தான் மேசையில் எழுதிவைத்துக்கொண்டு சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியுடன் வாதாடினாராம். அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்பது லூதரின் பிடிவாதம். அது கிறிஸ்துவை நினைவுகூரும் அடையாளம் என்றார் சுவிங்லி. 15 கூறுகளில் 14இல் ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் பிரிந்தார்கள். கத்தோலிக்கரோ, 1215இல் ரோமில் கூடிய லாத்தரன் திருச்சங்கம் சொன்னபடி, அப்பமும் இரசமும் அவருடைய உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்று நம்புகிறார்கள்.

இதையெல்லாம் பாதி வகுப்பில் முடித்துவிட்டு, "சரி, சோதினைக்கு இது காணும். இனி ஒன்று கொரிந்தியர் 11ஐ எடுங்கோ" என்றார்.

கோயிலில் திருவிருந்தின்போது 23ஆம் வசனத்திலிருந்து வாசிப்பது வழக்கம். ஆசிரியர் 20இலிருந்து தொடங்கினார். அப்போஸ்தலர் பவுல் இந்தக் கடிதத்தை எழுதிய கொரிந்து நகரச் சபையில், திருவிருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்தி வந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" (குடிவெறியில்) என்று பவுல் கொதிக்கிறார். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். நாம் பீடத்தில் பக்தியோடு கேட்கும் வார்த்தைகள் இந்தக் கண்டிப்பின் நடுவில்தான் வருகின்றன. அப்பத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைவிட, அதைச் சுற்றி நிற்பவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதே பவுலின் கவலை. அன்று எனக்கு இது பிடிபட்டது, இன்றுவரை மாறவில்லை.

நம் ஆட்களின் கதையும் வேறல்ல. 19ஆம் நூற்றாண்டிலும் தமிழ்ச் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார்ந்தார்கள்; ஒரே பாத்திரத்தில் பருக மறுத்தவர்களும் உண்டு. சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். யாழ்ப்பாணமும் இந்த நோய் அறியாத ஊரல்ல. "அநேகரான நாம் ஒரே அப்பமும் ஒரே சரீரமுமாயிருக்கிறோம்" என்ற வசனத்தை வாயால் சொல்வது சுலபம்.

கோலாலம்பூருக்கு வந்தபின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறேன். ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம்மவர்களின் பேரப்பிள்ளைகளும், ரப்பர் தோட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே ஒரே வரிசையில் முழந்தாளிடுகிறார்கள். ஒரு காலத்தில் இந்த இரண்டு சாராரும் ஒருவரோடொருவர் சம்பந்தம் பேசவே தயங்கியவர்கள். போன மாதம் என் பக்கத்தில் இருந்தவர் மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர். இடக்கையின்மேல் வலக்கையை வைத்து ஏந்தினார். நகக்கண்ணிலும் ரேகைகளிலும் கிரீஸ் கறுப்பு. அந்தக் கையில் வைத்த அதே அப்பத்தின் அடுத்த துண்டுதான் எனக்கு. ஊன்றுகோலோடு வரும் ஒரு பாட்டியால் முன்னே வர முடியாது. போதகர் தட்டோடு இறங்கி அவர் பெஞ்சுக்கே போவார். எல்லோரும் வாங்கியபின் வாசல் பக்கம் பார்த்து, "இன்னும் யாரும் இருக்கிறீர்களா?" என்று கேட்பார். இரவு செக்யூரிட்டி வேலை முடித்து நேராக வருபவர்களுக்காகத்தான் அந்தக் கேள்வி. சில ஞாயிறுகளில் சீருடையோடு ஒருவர் எழுந்து வருவார்.

அந்த அதிகாரத்தை பவுல் முடிக்கும் இடத்தில், "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்கிறார்.

அப்புறம், நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடாந்த ஒன்றுகூடலில் நன்றி ஆராதனை முடிந்ததும் சாப்பாடு தொடங்கிவிடுகிறது. ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்களுக்கு அடியில் கிடப்பதுதான் கிடைக்கிறது. நம்மில் பலர் சைவர்கள். அவர்கள் பீடத்துக்கு வரப்போவதில்லை, வரவேண்டும் என்றும் இல்லை. சாப்பாட்டு மேசை எல்லோருக்கும் பொது. இந்த வருடம் கடைசி பஸ் வந்து சேரும்வரை சட்டிகளைத் திறக்காமல் இருப்போமா? பரிமாறும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.