விசாரிக்கவும் விசாரிக்கப்படவும்: ஒரு சபை நாட்குறிப்பு

2025 மார்ச் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்தபின் போதகர் ஐயா எங்களில் சிலரை நிறுத்திவைத்து, துன்பத்தில் இருப்பவர்களைச் சந்தித்து ஆதரிக்க ஏற்பட்டு, இப்போது பெயரளவில் மட்டுமே மிஞ்சியிருக்கும் விசாரிப்புக் குழுவைப் புதிதாக அமைக்க வேண்டும் என்றும், அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நான் ஏற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பிறகு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை வாசித்தார். எருசலேம் சபையில் அன்பு குறைந்துபோயிருந்ததாக அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எங்கும் சொல்லவில்லை. காணியாட்சிகளை விற்று அவரவர் தேவைக்குத் தக்கதாகப் பகிர்ந்துகொண்ட அதே சபையில்தான், கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகள் அன்றாட உணவு விசாரணையில் விடுபட்டுப்போனதாக முறுமுறுப்பு எழுந்தது. எண்ணிக்கை பெருகும்போது, யாருடைய மொழியும் வீடும் நமக்குப் பழக்கமில்லையோ அவர்களே முதலில் கண்ணில் படாமல் போகிறார்கள்.

அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பைக் கண்டித்து அடக்காமல் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய பின்னணியை முழுவதும் நிச்சயிக்க முடியாது. ஆனாலும், குறை சொன்ன தரப்பிடமே பந்தி விசாரணையின் பொறுப்பை அந்தச் சபை ஒப்படைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே, வழக்கமாக எல்லாக் குழுக்களிலும் இருப்பவர்களையே இதிலும் சேர்க்க வேண்டாம் என்றும், இதுவரை சபை சரியாக விசாரிக்காதவர்களிலிருந்து சிலரைக் கேட்போம் என்றும் சொன்னேன். சற்றுத் தயங்கினாலும் ஐயா ஒப்புக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

நான் கேட்டவர்களில் மூவர் சம்மதித்தார்கள்: சமீபத்தில் சபையில் சேர்ந்த ஒரு இளம் சகோதரி, மனைவியை இழந்த ஒரு அண்ணன், நெடுநாளாகப் படுக்கையில் இருக்கும் ஒரு அம்மா. கடைசிப் பெயரைக் கேட்டதும் குழுவில் ஒருவர், "அவர்களை நாம்தானே போய்ப் பார்க்க வேண்டும்?" என்று வியந்தார். போய்ப் பார்ப்போம்தான். ஆனால் அவருக்குத் தொலைபேசி இருக்கிறது, நேரம் இருக்கிறது. யாருக்கு எந்த நாளில் மருத்துவப் பரிசோதனை என்பதை எங்கள் எல்லாரையும்விட நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்.

இந்தக் குறிப்புகளில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. விசாரிக்கச் செல்லும் வீட்டில் கேட்டது அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதே குழுவில் நாங்கள் எடுத்த முதல் தீர்மானம்.

மார்ச் 14, வெள்ளி

மகனைப் பறிகொடுத்த ஒரு பெற்றோரின் வீட்டுக்கு அந்த அண்ணனோடு சென்றேன். அடக்க ஆராதனையின்போது சபை முழுவதும் அங்கே கூடியிருந்தது. அதன்பின் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அன்பற்றவர்கள் என்பதால் அல்ல, என்ன பேசுவது என்று தெரியாததால் வராதவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரையும் நாம் எளிதாகக் குறை சொல்கிறோம். அவர்களோ ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். வாயைத் திறந்து அவன் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" ஆனார்கள்.

வந்தவர்களில் சிலர், "தேவன் ஒரு நோக்கத்தோடுதான் எடுத்துக்கொண்டார்" என்று சொல்லிவிட்டுப் போனதாக அந்தத் தாய் கோபமில்லாமல், மிகுந்த களைப்போடு சொன்னார்கள். நான் ஏதோ பதில் தேடிக்கொண்டிருக்கையில், என்னோடு வந்த அண்ணன் அவர்கள் மகனின் பெயரைச் சொல்லி, அவன் சிறுவனாக ஞாயிறு பள்ளியில் கேட்ட கேள்வி ஒன்றை நினைவுபடுத்தினார். பெற்றோர் இருவரும் அதன்பின் நெடுநேரம் பேசினார்கள். இறந்தவரின் பெயரைச் சொன்னால் துக்கம் கிளறப்படும் என்று எண்ணி நாம் தவிர்க்கிறோம். துக்கத்தில் இருப்பவர்களில் பலரோ அந்தப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். மனைவியை இழந்தவருக்கு அது தெரிந்திருந்தது. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12:15 சொல்கிறதே தவிர, அழுகிறவர்களுக்கு விளக்கம் கொடுங்கள் என்று சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஜெபக்கூட்டத்தில், "இன்னாருடைய குடும்பச் சமாதானத்துக்காக ஜெபிப்போம்" என்று தொடங்கிய ஒரு ஜெபக்குறிப்பு, அந்தக் குடும்பத்தின் சண்டை முழுவதையும் விவரிக்கும் வரை நீண்டது. ஜெபம் என்ற பெயரில் புறங்கூறுவது எங்கள் சபைக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. சம்பந்தப்பட்டவரின் அனுமதி இல்லாமல் எந்தக் குறிப்பையும் பொதுவில் சொல்லக்கூடாது என்று சபையின் பொறுப்பாளர்களான மூப்பர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

சபையில் இரண்டு சகோதரிகள் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கிறார்கள். அதுவும் விசாரிப்புக் குழுவின் வேலையா என்று ஒருவர் கேட்டார். பிலிப்பியர் நிருபத்தில் எயோதியாள், சிந்திகேயாள் ஆகிய இருவருக்கும் பவுல் தனித்தனியே, ஒருவர் பக்கமும் சாயாமல் புத்திசொல்லி, அவர்களுக்கு உதவும்படி வேறொருவரையும் கேட்டுக்கொள்கிறார். சுவிசேஷ விஷயத்தில் அவர்கள் தம்மோடுகூட மிகவும் பிரயாசப்பட்டவர்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுகிறார். ஆகவே எங்கள் வேலைதான்.

ஆனால் உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் தனித்துப் போய் அவனிடம் பேசு என்னும் மத்தேயு 18:15ஐ எல்லா இடத்திலும் ஒரே விதமாகப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். வீட்டில் அடிவாங்கும் ஒரு பெண்ணிடம், "நீ தனியே போய் அவரிடம் பேசி மன்னித்துவிடு" என்று ஆலோசனை சொல்வது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவது ஆகாது. அவளை ஆபத்தினிடத்துக்கே திருப்பி அனுப்புவதாகும். முதலில் அவளுக்குப் பாதுகாப்பு, பிறகுதான் மற்றவை. அதுபோல, மனச்சோர்வில் இருப்பவரை மருத்துவரிடம் அழைத்துப்போவதும் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

மார்ச் 29, சனி

பண உதவியைப் பற்றிப் பேசினோம். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ரோமப் பேரரசருக்கு எழுதிய தமது முதல் விண்ணப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விவரிக்கும்போது, வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் திருவிருந்தின் பங்கைக் கொண்டுபோனதையும், மனமுவந்து கொடுக்கப்பட்ட காணிக்கையிலிருந்து அநாதைகள், விதவைகள், நோயுற்றோர், சிறையில் இருப்போர், அந்நியர் ஆகியோர் ஆதரிக்கப்பட்டதையும் சேர்த்தே எழுதுகிறார். ஆராதனை ஒரு பக்கம், விசாரிப்பு மறுபக்கம் என்று அவர்கள் பிரித்துவைக்கவில்லை.

உதவி பெறுகிறவரை மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லவைக்கும் பழக்கத்தை நிறுத்தத் தீர்மானித்தோம். அதே சமயம், கணக்கை ஒருவரே வைத்திருக்கக்கூடாது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தில் தங்கள்மேல் ஒருவரும் குற்றம் சாட்டாதபடி, பவுலே தம் உடனூழியரான தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார். பெறுபவரின் பெயர் மறைவாகவும் கணக்கு வெளிச்சமாகவும் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சபையில் எல்லாருக்கும் ஓடிஓடி உதவும் ஒரு மூப்பர் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். யார் உதவிக்கு வந்தாலும், "எனக்கு ஒன்றும் வேண்டாம், மற்றவர்களைப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். அவருடைய மனைவியோ தூக்கமில்லாமல் வாடிப்போயிருக்கிறார்.

இன்று மாலை ஆராதனையில், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும் யோவான் 13ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டபோது அவரைத்தான் நினைத்தேன். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்ற பேதுருவின் பேச்சைத் தாழ்மை என்று எண்ணத் தோன்றும். இயேசு அதை ஏற்கவில்லை. கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார். "ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்ற கட்டளையில் பாதிப்பேராவது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? எப்போதும் கொடுக்கிறவராகவே இருப்பவர், தம்மை அறியாமலே மற்றவர்களைக் கடனாளிகளாக வைத்திருக்கிறார். போதகர் ஐயா சொல்லியிருந்தால் மூப்பர் கேட்டிருக்க மாட்டார். படுக்கையில் இருக்கும் அந்த அம்மாவைப் பேசச் சொன்னேன். "தம்பி, எனக்கும் முதலில் வெட்கமாகத்தான் இருந்தது" என்று தொடங்கினாராம். மூப்பரின் மனைவி இரவில் தூங்குவதற்காக, குழுவின் சகோதரர்கள் முறைவைத்துப் போய்வர மூப்பர் சம்மதித்துவிட்டார்.

ஏப்ரல் 26, சனி

யாரும் பேசாத வீடு ஒன்று பாக்கி இருந்தது: போதகரின் வீடு. யுத்தத்தின்போது உயர்த்திய மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவரும் இருபக்கத்திலும் தாங்கினார்கள் என்று பிரசங்கம் செய்கிறவரின் கைகளை இங்கே யார் தாங்குகிறார்கள் என்று குழுவில் கேட்டேன். போதகரின் மனைவி தம் மனக்கஷ்டத்தைச் சபையில் ஒருவரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அது அடுத்த ஞாயிற்றுக்குள் ஊழியத்தைப் பற்றிய விமர்சனமாகிவிடும். சபைக்கு வெளியே, அவர் நம்பிப் பேசக்கூடிய மூத்த சகோதரி ஒருவரை அவரே தெரிந்துகொள்ளட்டும் என்றும், வாரத்தில் ஒரு நாள் போதகரின் தொலைபேசியைக் குழுவிலிருந்து ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு, அவசர அழைப்புகளை மட்டும் மூப்பர்களுக்குத் தெரிவிப்பது என்றும் முடிவு செய்தோம். எந்த நாள் என்பதில் போதகர் ஐயாவுக்கும் அவர் மனைவிக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. திங்கட்கிழமைக்கே நான் வாதாடப்போகிறேன்.