தைப்பூசக் காணொளியை டிவிடியாக்கியபோது படத்தரத்தைக் காத்த விதம்

பினாங்குத் தைப்பூசத்தில் எங்கள் குடும்பத்தினர் எடுத்த காணொளிகளைத் தொகுத்ததில், ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படம் ஒன்று சேர்ந்தது. பட்டர்வொர்த்திலும் சுங்கைப் பட்டாணியிலும் உள்ள உறவினர்களில் பெரியவர்கள் சிலர் இன்னும் டிவிடி பிளேயரில்தான் படம் பார்க்கிறார்கள் என்பதால், அதைத் தட்டில் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கணினியில் பளிச்சென்று தெரியும் படம் தட்டுக்குப் போனதும் கட்டம் கட்டமாக உடைவதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதற்குக் காரணம் தட்டின் கொள்ளளவைக் கணக்கிடாமல் மென்பொருளின் தானியங்கி அமைப்பை நம்பிவிடுவதுதான்.

ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி கொள்ளும். இரண்டரை மணி நேரம் என்பது 9,000 விநாடி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்று வைத்து வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 4.2 மெகாபிட் அளவே கிடைக்கிறது, அதிலும் ஒலிக்கு ஒரு பங்கு போய்விடும். மேடையில் ஒருவர் நின்று பேசும் காட்சிக்கு அது தாராளம். வெள்ளித் தேர் வரும் வழியெங்கும் தேங்காய்கள் சிதறும் காட்சிக்கு அது எந்த மூலைக்கு? டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 என்னும் படச் சுருக்க முறை, பெரும்பாலான இடங்களில் முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்துகிறது. தெறிக்கும் தண்ணீர், நகரும் கூட்டம், சாம்பிராணிப் புகை, தேரின் மின்விளக்குகள் எல்லாம் ஒரே படச்சட்டத்துக்குள் வந்துவிட்டால், மாறாத பகுதி என்று சொல்ல அங்கே அதிகம் மிஞ்சுவதில்லை.

ஆகவே தேர் ஊர்வலத்தை ஒரு தட்டாகவும் காவடிகளை இன்னொரு தட்டாகவும் பிரித்தேன். 75 நிமிடத்துக்கு விநாடிக்கு 8.3 மெகாபிட் வரை இடம் உண்டு. காணொளிக்கு டிவிடி வரையறை 9.8 வரை அனுமதித்தாலும் பழைய பிளேயர்கள் உச்சத்தில் திணறக்கூடும் என்பதால், சராசரியை 7.5 ஆகவும் உச்சத்தை 8.5 ஆகவும் வைத்து இரு சுற்று முறையில் மாற்றினேன். முதல் சுற்றில் எந்தக் காட்சி எவ்வளவு கடினம் என்று அளந்துகொள்ளும் மென்பொருள், இரண்டாம் சுற்றில் அதற்கேற்ப இடத்தைப் பங்கிடுகிறது. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டில் எல்லாவற்றையும் அடக்கலாமே என்று கேட்டார்கள். பழைய பிளேயர்களில் அத்தட்டுகள் சிக்கல் தருவது வழக்கம் என்பதால் நான் அந்த வழிக்கே போகவில்லை.

அதிக நேரம் எடுத்தது, படத்தை உருவாக்கும் கிடைக்கோடுகளான வரிகளின் விவகாரம். எங்கள் கேமரா 1920க்கு 1080 அளவில் விநாடிக்கு 50 அரைப்படங்களைப் பதிகிறது. ஓர் அரைப்படத்தில் ஒற்றை வரிகளும் அடுத்ததில் இரட்டை வரிகளும் இருக்கும். இவற்றைப் பிரிக்காமல் அப்படியே டிவிடிக்குரிய 576 வரிகளுக்குச் சுருக்கினால், வெவ்வேறு கணத்தில் பதிந்த வரிகள் ஒன்றோடொன்று கலந்து, காவடி சுழலும்போது மயிலிறகுகள் இரட்டை நிழலாகக் கலங்கித் தெரியும். எனவே எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் முதலில் விநாடிக்கு 50 முழுப்படங்களாகப் பிரித்து, அவற்றை 720க்கு 576 ஆகச் சுருக்கி, அதன் பிறகே மீண்டும் அரைப்படங்களாகப் பின்னினேன். பின்னிய வரிசையும் கோப்பில் குறிக்கப்படும் வரிசையும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் சீராக நகரும் தேர்கூட முன்னும் பின்னும் உதறுவதாகத் தெரியும். அகலத்திரை விகிதத்தைச் சொல்லும் 16:9 என்ற குறிப்பையும் கோப்பில் விட்டுவிடக் கூடாது, விட்டால் முகங்கள் ஒல்லியாக நீண்டுவிடும்.

கைப்பேசியில் எடுத்த துண்டுகள்தாம் தலைவலி. அவை விநாடிக்கு 30 படங்கள், நம் மலேசியாவில் வழங்கிய பிஏஎல் என்னும் தொலைக்காட்சி முறைக்கோ 25. எண்ணிக்கையைக் குறைத்தால் நகர்வு தத்தித் தத்திப் போகும் என்பதால், அசைவு குறைந்த துண்டுகளை மட்டும் சேர்த்துக்கொண்டேன். முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலையின் படிகளில் இரவில் எடுத்த காட்சிகளில் பொரிந்த புள்ளிகளை மிதமாகவே குறைத்தேன். புள்ளிகள் வீணாக இடத்தைத் தின்னும் என்பது உண்மைதான், ஆனால் அளவு மீறித் துடைத்தால் முகத்தின் சுருக்கமும் திருநீற்றுக் கீற்றும் அவற்றோடு சேர்ந்து மறைந்துவிடும். ஒலிக்கு ஏசி-3 என்னும் ஒலிச் சுருக்க முறையில் விநாடிக்கு 256 கிலோபிட் கொடுத்தேன். உருமி மேளம் அதில் நன்றாகவே கேட்கிறது.

படத்தொகுப்பிலிருந்து கோப்பை வெளியே எடுக்கும்போது மிக உயர்ந்த தரத்தையே தேர்ந்தேன், ஏனெனில் அழுத்திச் சுருக்கிய கோப்பை மறுபடியும் சுருக்கினால் முதல் சுருக்கத்தின் குறைகளையும் சேர்த்தே தட்டில் எழுத வேண்டிவரும். காட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலை டிவிடிஸ்டைலர் மென்பொருளில் அமைத்து, தட்டில் எழுதும் இம்க்பர்ன் மென்பொருளில் 4 மடங்கு வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கவும் செய்தேன். பழைய பிளேயர் ஒன்றில் இரண்டாம் தட்டு தொடங்கத் தயங்கியது. அதே கோப்பை வேறு நிறுவனத்தின் வெற்றுத் தட்டில் எழுதிப் போட்டதும் தடையின்றி ஓடியதால், மற்றப் பிரதிகளையும் அந்த வகைத் தட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்.