பச்சை மெழுகுவர்த்தி

ஒரு வாரமா ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் ஜூரேஞ்சர் பாத்துட்டு இருக்கேன், 1992ல ஜப்பான்ல வந்த சீரியல், 50 எபிசோடு. நாம சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்து பையைக்கூட கழட்டாம டிவி முன்னாடி உக்காந்து பாத்த, ஆளுக்கொரு கலர் டிரஸ்ல ஹீரோக்கள் வர்ற பவர் ரேஞ்சர்ஸ்ல இருக்குற சண்டை, ரோபோ எல்லாம் முதல்ல இதுக்காக எடுத்ததுதான், அமெரிக்காக்காரங்க அதை வாங்கி 1993ல அவங்க ஆளுங்கள வச்சு வேற கதை பண்ணிட்டாங்க. அதுல மஞ்ச ரேஞ்சரும் பொண்ணுதான், அவளுக்கு மட்டும் ஏன் பிங்க் ரேஞ்சர் மாதிரி பாவாடை இல்லன்னு நானும் அண்ணனும் அப்ப அவ்ளோ யோசிச்சிருக்கோம், இங்க வந்து பாத்தா மஞ்ச ரேஞ்சர் 'போய்'ங்கிற பேர்ல ஒரு பையன்!

ஆனா என்னை உலுக்குனது புராய் தான். பச்சை ரேஞ்சர், சிவப்பு ரேஞ்சர் கெக்கியோட கூடப்பொறந்த அண்ணன். அவன் உயிர் கொஞ்ச மணி நேரம்தான் மிச்சம், அதனால நேரம் ஓடாத ஒரு ரூம்ல தனியா உக்காந்திருப்பான், முன்னாடி ஒரு பச்சை மெழுகுவர்த்தி. தம்பிய காப்பாத்த வெளிய வர்ற ஒவ்வொரு தடவையும் அது உருகிக் குறையும். தெரிஞ்சேதான் வருவான். அமெரிக்க கதைல பச்சை ரேஞ்சரா இருந்த டாமி வெள்ளை ரேஞ்சரா திரும்பி வந்துடுவான், புராய் 42வது எபிசோடுல செத்தே போயிடுறான்.

நேத்து அதைப் பாத்து முடிச்சப்ப மணி ஒன்றரை. அந்த நேரத்துலயே அண்ணனுக்கு போன் அடிச்சேன், எடுத்துட்டான்.