தரையில் போடும் கோடு

பாய்மரப் படகுக்குப் பாய் தைக்க வருவதற்கு முன்னால், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது கண் தையல் மிஷினைத்தான் தேடியது. மிஷின் ஒரு மூலையில் உறை போட்டுக் கிடந்தது. ஹால் முழுக்க வெறும் தரை. மாஸ்டர் முட்டி போட்டு உட்கார்ந்து, சாக்பீஸும் மெல்லிய ரீப்பர் பட்டையுமாகத் தரையில் வளைகோடு போட்டுக்கொண்டிருந்தார். போடுவார், எழுந்து சுவரோரம் போய்ப் பார்ப்பார், திரும்ப வந்து ஒரு விரற்கடை அழித்துப் போடுவார். இரண்டு நாள் இதுவேதான் வேலை. மூன்றாம் நாள்தான் துணியை விரித்தோம்.

எனக்கு அது நேர விரயமாகத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். அவர் கோபப்படவில்லை. “ஜாக்கெட்டுக்கு டாட் எதுக்குப் பிடிக்கிற?” என்று மட்டும் கேட்டார்.

தட்டையான துணியை வளைந்த உடம்பில் உட்கார வைக்கத்தான் டாட். பாயிலும் அதேதான், ஆனால் இங்கே உடம்பு கிடையாது; காற்று வந்து நிரப்பும்போது என்ன வடிவம் வரவேண்டுமோ அதை முன்கூட்டியே துணிக்குள் வைக்கவேண்டும். பட்டை பட்டையாக வெட்டி இணைக்கும்போது, ஒரு பட்டைமேல் அடுத்தது ஏறும் அகலம் நடுவில் 12 மில்லிமீட்டர் என்றால், பாய்மரத்தை ஒட்டி நிற்கும் முன்னோரத்தில் 18, 20 என்று கூடும். அந்த ஆறெட்டு மில்லிதான் பாய்க்கு வயிறு கொடுக்கிறது. அப்புறம் முன்னோரத்தையே நேராக வெட்டாமல் கொஞ்சம் வெளியே பிதுக்கி வெட்டுவோம். காற்றில் பாய்மரம் வளையும். எவ்வளவு வளையும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு பிதுக்கலாம் என்று தெரியும். அதனால் படகைப் பார்க்காமல் மாஸ்டர் ஒரு கோடுகூடப் போடமாட்டார்.

துணியும் எனக்குப் புதிது. ஜாக்கெட் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் பலம். எங்களிடம் வந்த பாலியஸ்டர் பாய்த் துணியில் குறுக்கே ஓடும் ஊடைதான் பலம். காற்று விட்டு விலகும் பின்னோரத்தை லீச் என்போம். பாயில் இழுவை அதிகம் விழுவது அங்கே. ஊடை அந்த லீச்சுக்கு இணையாக ஓடும்படி பட்டைகளை அடுக்குவோம். இழுவை கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக விழுந்தால் போச்சு. ஜாக்கெட்டின் கிராஸ் கட்டிங்கில் எந்தக் குணம் அழகோ, அதே நீளும் குணம் பாயைக் கொன்றுவிடும்.

எங்கள் நைனா காசிமேட்டில் கட்டுமரத்தில் போனவர். பருத்திப் பாயில் அவர்கள் கடல் தண்ணீரை வாரி இறைப்பார்களாம். நனைந்த நூல் பருத்துத் துணியின் கண் அடைபடும், காற்று ஊடே போகாது. பிசின் ஏற்றிய பாலியஸ்டருக்கு அது தேவையில்லை. இருந்தாலும் துணியைத் தடவும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இரண்டாம் வருடம் நான் ஒரு தப்பு செய்தேன். பயிற்சிப் படகு ஒன்றுக்கு அவசரமாகப் பாய் வேண்டும் என்றார்கள். மாஸ்டர் ஊரில் இல்லை. பழைய பாய் கையில் இருந்தது. அதைத் தரையில் இழுத்துப் பிடித்து, ஓரம் பார்த்துக் கோடு போட்டு, அப்படியே வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டேன். தையல் அவ்வளவு சுத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

மத்தியானக் கடல்காற்று எழுந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. காற்றை எதிர்த்து ஏறவே மாட்டேன் என்றது. ஊரிலிருந்து திரும்பிய மாஸ்டர் கறுப்பு டேப்பைப் பாயின் குறுக்கே ஒட்டச் சொல்லி, படகிலேறி, பாயின் அடியோரத்தைப் பிடிக்கும் அடிக்கட்டைக்குக் கீழே மல்லாக்கப் படுத்துக்கொண்டு மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னையும் படுக்கச் சொன்னார். கீழிருந்து பார்த்தால் டேப் ஒரு வில் மாதிரி தெரிந்தது. அந்த இடத்தில் பாயின் அகலம் இரண்டு மீட்டர். வயிற்றின் ஆழமான இடம் பாய்மரத்திலிருந்து சுமார் 90 சென்டிமீட்டரில் இருக்கவேண்டும். என் பாயில் 110-ஐத் தாண்டி இருந்தது.

“பழைய பாய் வெயில்லயும் காத்துலயும் இழுபட்டு வயிறு பின்னாடி போயிருந்துச்சு தம்பி. நீ அதைத்தான் அளந்திருக்க” என்றார்.

காற்று துணியை அதன் முகத்துக்குச் செங்குத்தாகத் தள்ளும். முன்பக்க வளைவில் விழும் விசை படகை முன்னே இழுக்கும். பின்பக்கம் வளைந்திருந்தால் பக்கவாட்டில்தான் தள்ளும். என் பாய் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தாலும் கோடு தப்பு என்றால் தையல் அந்தத் தப்பைத்தான் கெட்டியாகப் பிடித்து வைக்கும்.

மூன்று தையலைப் பிரித்தோம். பருத்தியில் ஊசி போன துளை நீவிவிட்டால் மூடிக்கொள்ளும். இந்தத் துணியில் மூடாது. முன்னோரத்தில் ஏற்றத்தைக் கூட்டி, லீச் பக்கம் தளர்த்தி, மறுபடி டேப் ஒட்டி, தைத்து, துறைமுகத்துக்குள் கொண்டுபோய் ஏற்றினோம். இந்த முறை நானே முதலில் படுத்தேன். ஆழமான இடம் 92-இல் நின்றது. லீச் துடிக்காமல் அமைதியாக இருந்தது. புதுத் தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் வழியாக வெயில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக என் சட்டையில் விழுந்தது. மாஸ்டர் பையிலிருந்து டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். பாயை இறக்கி, ஒவ்வொரு வரிசையாக மூடினேன்.