மன்னார் வளைகுடா ஆய்வுகள், ஒரே இடத்தில்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா பற்றிய ஆய்வுகளை ஒரே தரவுத்தளமாகத் தொகுத்துவருகிறோம். பூங்கா அறிவிக்கப்பட்டது 1986இல். முத்துக்குளிப்பு அறிக்கைகளோ அதற்கும் வெகுகாலம் முந்தியவை. அவற்றில் ஆழம் பாகக் கணக்கில் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) இருக்கும், இடம் 'மண்டபம் அருகே' என்பதோடு முடிந்துவிடும். அதை வரைபடத்தில் எங்கே வைப்பது?

பூங்காவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. அவற்றின் பதிவுகளை நீக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே என்ன இருந்தது என்பதற்கு வேறு சாட்சி ஏது? 2010, 2016இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது எடுத்த கணக்கெடுப்புகளையும் தீவுவாரியாக, மாதவாரியாகச் சேர்க்கிறோம். அப்போதுதான் எந்தப் பவளத்திட்டு மீண்டது என்று பார்க்க முடியும்.

கல்லூரி அலமாரிகளில் பழைய கடற்புல், பவள ஆய்வேடுகள் கிடந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வந்து ஸ்கேன் செய்துகொள்கிறோம்.