பெயர் தைத்த கோட்டு

மார்கழியில் விடுமுறைக்குத் தருமபுரி வந்து பெட்டியைத் திறந்ததும், அம்மா கை வைத்தது பாப்பாவின் கருநீலக் கோட்டில்தான். எடுத்தவுடன் உள்பக்கமாகப் புரட்டினாள். 30 வருடம் ஜாக்கெட் தைத்த கை. எந்தத் துணியையும் முதலில் உட்புறம்தான் பார்க்கும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது 8 பவுண்டுக்கு எடுத்த பழைய கோட்டு என்று வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

அடுத்தவர் உடுத்தியதைத் தொடக்கூடாது என்று வளர்ந்த வீடு இது. எங்கள் தெருவில் பழைய துணி போகும் திசை ஒன்றே ஒன்று: எவர்சில்வர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் பாத்திரக்காரம்மாவிடம். நாலு புடவைக்கு ஒரு தூக்கு, பேரம் முற்றினால் மேலே ஒரு கிண்ணம். அக்காவின் பாவாடையை நான் கட்டியது வேறு கணக்கு. அது வீட்டுத் துணி.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நாங்கள் போய் இறங்கியது ஒரு நவம்பரில். தொப்பூர் கணவாயில் நடந்தே ஏறுவதுபோல மேடான ஊர். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இங்கிருந்து வாங்கிப்போன ஸ்வெட்டர் அந்தக் காற்றுக்குக் கொசுவலை. புதுத்துணிக் கடையில் கோட்டு 120 பவுண்டு. எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்கும் வியாதி அப்போது எனக்கு. 12,000 ரூபாய் என்று கணக்கு வந்ததும் கை தானாக ஹேங்கரை விட்டுவிட்டது.

எக்கிளசால் ரோட்டு சேரிட்டி கடை ஒன்றில் மழைக்கு ஒதுங்கத்தான் முதலில் நுழைந்தேன். ஜனங்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போகும் துணிகளை, பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆட்களே பிரித்து மாட்டி விற்கிறார்கள். லாபம் ஒரு கடையில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, இன்னொன்றில் இதய நோய்க்கு. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1947-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் இப்படி ஒரு கடை திறந்திருக்கிறது. வருமான வரி கட்டுகிறவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துணி என்றால், விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் மேலே போட்டுத் தருகிறது. எங்கள் பாத்திரக்காரம்மாவுக்கு அப்படி ஓர் அரசாங்கம் வாய்க்கவில்லை.

அங்கே பேரம் கிடையாது. நான் பேசினேன். கல்லாவில் இருந்த பாட்டி சிரித்தார், விலை அசையவில்லை.

முதலில் எடுத்த கம்பளி ஸ்வெட்டரை வீட்டுக்கு வந்து விரித்தால், முதுகெல்லாம் பூச்சி அரித்த துளை. அதற்கப்புறம்தான் அம்மாவின் கண் எனக்கு வந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். அக்குள் தையலை இழு. மடித்துத் தைத்த இடத்தில் எத்தனை விரற்கடை துணி விட்டிருக்கிறான் பார். ஜிப்பை இரண்டு தடவை ஓட்டு. நூற்றுக்கு நூறு கம்பளி என்ற சீட்டு விரலில் தட்டுப்பட்டால் நெஞ்சு படபடக்கும், புளியம்பழம் பொறுக்கப் போய் மரத்தடியில் காசு கிடைத்த மாதிரி. வசதியானவர்கள் இருக்கும் பகுதிக் கடையில் துணியும் வசதியாக இருக்கும் என்பது இரண்டாம் வருடம்தான் எனக்குப் புரிந்தது. சனிக்கிழமை என்றால் இப்போது என் வீட்டுக்காரர் தனியாகத்தான் காய்கறிக்குப் போகிறார்.

"யாருடி இது?" கோட்டைப் புரட்டியபடியே அம்மா கேட்டாள்.

கழுத்துப் பட்டைக்குக் கீழே ஒரு சின்ன நாடா, அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் பெயர். பள்ளிக்கூடத்தில் துணி மாறிப்போகாமலிருக்க அங்கே இப்படிப் பெயர் தைத்து அனுப்புவார்கள். இத்தனை பார்த்த நான் இதைப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டேன், 8 பவுண்டு உட்பட.

அம்மா நாடாவை நகத்தால் நெருடினாள். "கைத்தையல். நல்லா சின்னச் சின்னதா போட்டிருக்கா."

"பிரிச்சிடட்டுமாம்மா?"

"பிரிச்சா ஊசித் தடம் தெரியும். இது மேலயே பாப்பா பேரை வச்சுத் தைக்கிறேன், விடு." கோட்டை மடியில் போட்டுக்கொண்டு நூல்கண்டு டப்பாவைத் தேடினாள். "அப்பாவுக்கும் ஒண்ணு பாரு கண்ணு. காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறப்ப பனி தாங்கல. பட்டன் எல்லாம் இருக்குதான்னு எண்ணிப் பாத்து எடு."